எந்த நாள் ஓய்வு நாள்?

ஜொகூரில் வளர்ந்த ஒருவரிடம், "உங்கள் ஊரில் வார விடுமுறை எந்த நாள்?" என்று கேட்டுப் பாருங்கள். "எந்த ஆண்டில்?" என்று திருப்பிக் கேட்பார். வேடிக்கையாகத் தோன்றினாலும் அது நியாயமான கேள்விதான். 2013ஆம் ஆண்டு முடியும் வரை இங்கே சனியும் ஞாயிறும் விடுமுறை. 2014 ஜனவரி 1 முதல் அரசாங்க அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் வெள்ளியும் சனியும் விடுமுறையாயின. பதினோர் ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனியும் ஞாயிறும் விடுமுறையாயின. வாரத்திற்கு இரண்டு நாள் என்ற கணக்கு ஒருமுறைகூட மாறவில்லை. நாள்கள் மட்டுமே மாறின.

எண்ணிக்கை மாறாதபோது வாழ்க்கையில் என்ன மாறிவிடப் போகிறது என்று நினைக்கத் தோன்றும். எங்கள் வீட்டில் நிறையவே மாறியது. மன அழுத்தத்தைப் பற்றியும், வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான சமநிலையைப் பற்றியும் நான் எதையாவது உருப்படியாகக் கற்றிருக்கிறேன் என்றால், அந்த மாற்றத்தைப் பார்த்துக் கற்றதுதான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

பல்கலைக்கழகத்திற்கு வந்த பிறகு, மன அழுத்தத்தைக் கையாள்வது பற்றிய பயிலரங்குகளில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நன்றாகத் தூங்குங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், அட்டவணை போட்டு வேலை செய்யுங்கள் என்பார்கள். எல்லாம் உண்மையே. 1936இல் ஹான்ஸ் செலியே என்ற ஆய்வாளர், உடல் எந்த வகையான நெருக்கடிக்கும் ஒரே மாதிரியாக எதிர்வினை காட்டுகிறது என்று எழுதிய நாளிலிருந்து இந்தத் துறை வெகுவாக வளர்ந்திருக்கிறது. நெருக்கடி வரும்போது அட்ரினலினும் கார்ட்டிசோலும் சுரக்கின்றன. நெருக்கடி நீங்கியதும் அவை இறங்க வேண்டும். இறங்க நேரம் தராமல் அடுத்த நெருக்கடி வந்துகொண்டே இருந்தால் உடல் தேய்கிறது. ஆகவே ஓய்வு தேவை. இதுவரை யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் எந்தப் பயிலரங்கிலும் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டதில்லை: உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் அதே நேரத்தில் வேறு யாருக்கு ஓய்வு கிடைக்கிறது?

எங்கள் குடும்பக் கணக்கைச் சொல்கிறேன். வீடு மாசாயில். அம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியை. அப்பா சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தொழில்நுட்பர். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு எட்டு மணி நேரம், சனிக்கிழமை நான்கு மணி நேரம். ஆக வாரத்திற்கு 44 மணி நேரம். சிங்கப்பூர் வேலைச் சட்டம் வகுத்திருக்கும் அளவும் அதுதான். ஞாயிறு விடுமுறை. தாளில் பார்த்தால் எந்தக் குறையும் இல்லாத வேலை.

இனி வீட்டு வாசலிலிருந்து கணக்கிடுவோம். வேலை காலை ஏழரைக்குத் தொடங்கும். அப்பா ஐந்து மணிக்கே மோட்டாரை எடுத்துவிடுவார். ஜாம் இல்லாத நாளில் ஆறேகாலுக்கெல்லாம் போய்ச் சேர்ந்து, தொழிற்சாலை கேண்டீனில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அப்படியானால் ஆறு மணிக்குப் புறப்படலாமே என்று நான் சிறு வயதில் கேட்டதுண்டு. "ஜாம் இல்லாத நாள் எதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சா போகலாம்மா" என்பார். காஸ்வேயின் நீளம் 1,056 மீட்டர்தான். நடந்தாலே கால் மணி நேரம். கோவிட்டுக்கு முன்பே நாளொன்றுக்கு மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதைக் கடந்தார்கள். குடிநுழைவுச் சோதனையில் ஒரு முகப்பு மூடினாலும், மழை பெய்தாலும், விடுமுறைக்கு முதல் நாளாக இருந்தாலும் கணக்கு தப்பிவிடும். மாலை ஏழு மணிவாக்கில் வீடு. சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. கூட்டிப் பார்த்தால், ஊதியம் 44 மணி நேரத்திற்கு. வீட்டை விட்டு வெளியே இருப்பது 79 மணி நேரம்.

அந்த ஐந்து மணி இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982ஆம் ஆண்டு தொடக்கத்தில் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. சிங்கப்பூரும் அதையே பின்பற்றியது. அதனால் இங்கே சூரியன் உதிப்பது ஏழு மணியளவில்தான். ஐந்து மணி என்பது நமக்கு விடியற்காலைகூட இல்லை, நள்ளிரவின் தொடர்ச்சி. கண்ணாடி இறக்கிய தலைக்கவசங்களும் முன்பக்கம் திருப்பிப் போட்ட மழைச்சட்டைகளுமாக ஆயிரக்கணக்கான மோட்டார்கள் அந்த இருட்டில் ஊர்ந்து போவதை ஜொகூர் பாருவில் வளர்ந்த எல்லாரும் பார்த்திருப்போம்.

இதுகூடப் பழகிவிடுகிறது. 2013 வரை எங்கள் வீட்டில் பழகித்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததால் மற்ற ஆறு நாள்களையும் தாங்க முடிந்தது. அன்று அப்பாவுக்கும் விடுமுறை, அம்மாவுக்கும் விடுமுறை, எனக்கும் தங்கைக்கும் விடுமுறை. பெரிதாக ஒன்றும் செய்துவிட மாட்டோம். காலையில் ரொட்டி சானாய், மதியம் கோழிக்கறி, பிற்பகல் எல்லாரும் கூடத்தில் பாய் விரித்துத் தூங்குவோம். அவ்வளவுதான்.

2014இல் நான் மூன்றாம் ஆண்டு. அம்மாவுக்கும் எங்களுக்கும் வெள்ளி, சனி விடுமுறை. அப்பாவுக்கு ஞாயிறு. நான்கு பேருக்கும் பொதுவான முழு நாள் ஒன்றுகூட இல்லை. சனிக்கிழமை இரண்டு மணிக்கு வரும் அப்பா, ஆறு நாள் களைப்பில் ஐந்து மணி வரை தூங்குவார். ஞாயிற்றுக்கிழமை பள்ளி என்பதால் அம்மா பத்து மணிக்குப் படுத்துவிடுவார். மிஞ்சியது ஐந்து மணி நேரம். கோயில், பாசார் மாலாம், மளிகைச் சாமான், உறவினர் வீட்டு விசேஷம், எங்கள் படிப்பு பற்றிய விசாரணை, வீட்டுக் கடன் பற்றிய பேச்சு, ஒரு வாரம் அடக்கி வைத்திருந்த கோபம் என்று எல்லாம் அந்த ஐந்து மணி நேரத்திற்குள் நுழையப் பார்க்கும். விளைவு என்ன? வாரத்திலேயே அதிகச் சச்சரவு நடப்பது சனிக்கிழமை மாலையில்தான். ஞாயிறன்று அப்பா வெறும் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருப்பார். வெள்ளியன்று அம்மா துணி துவைத்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் ஓய்வு நாள் இருந்தது. ஓய்வு மட்டும் இல்லை.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. வெள்ளிக்கிழமை விடுமுறைக்குத் தொழுகை என்ற வலுவான காரணம் உண்டு. கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களிலும் அதுவே வழக்கம். என் பள்ளித் தோழி ஒருத்தியின் வீட்டில் பெற்றோர் இருவருமே அரசாங்க ஊழியர்கள். அவர்களுக்கு அந்த ஏற்பாடு மிகப் பொருத்தமாக இருந்தது. எங்கள் குடும்பமோ இரண்டு நாடுகளின் நாள்காட்டிகளுக்கு நடுவில் வாழ்ந்தது. நான் சொல்ல வருவது அந்த நடுவிடத்தைப் பற்றித்தான்.

பின்னாளில் நூலகத்தில் தேடியபோது, இதைச் சிலர் முறையாகவே ஆராய்ந்திருப்பது தெரிந்தது. 2004இல் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் டெக்சஸ் மாநிலத்தில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளின் ஒவ்வொரு பகுதியும் எப்படி இருந்தது என்று கேட்டார்கள். காலையில் வேலைக்குப் போகும் பயணம் பட்டியலின் அடியில் இருந்தது. அன்புக்குரியவர்களோடு கழிக்கும் நேரம் மேலே இருந்தது. 2014இல் கிறிஸ்டோபல் யங், சேயூன் லிம் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் இன்னும் சுவையான ஒன்றைக் காட்டினார்கள். அமெரிக்காவில் வேலையில் இருப்பவர்கள் வார இறுதியில் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள், அதில் வியப்பில்லை. வேலையே இல்லாதவர்களும் வார இறுதியில்தான் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்! அவர்களுக்கு ஏழு நாளும் ஒன்றுதானே? ஆனால் வார இறுதியில்தான் மற்றவர்களுக்கு நேரம் கிடைக்கிறது. ஓய்வு நேரம் தொலைபேசியைப் போன்றது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஊரில் என் ஒருத்தியிடம் மட்டும் தொலைபேசி இருந்தால் அதை வைத்து நான் என்ன செய்வேன்?

வரலாற்றில் ஒரு நாடே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1929இல் சோவியத் ஒன்றியம், இயந்திரங்கள் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்பதற்காக ஏழு நாள் வாரத்தை மாற்றியது. தொழிலாளர்களை ஐந்து பிரிவாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் தந்து, நான்கு நாள் வேலை, ஐந்தாம் நாள் ஓய்வு என்று வைத்தார்கள். ஏழு நாளுக்கு ஒரு முறை கிடைத்த ஓய்வு ஐந்து நாளுக்கு ஒரு முறை என்றானது. கணக்குப்படி இலாபம்! ஆனால் கணவனுக்கு ஒரு நிறம், மனைவிக்கு இன்னொரு நிறம். நண்பர்கள் சந்திக்க முடியவில்லை. குடும்பம் ஒன்றாக உண்ண முடியவில்லை. மக்களிடையே முணுமுணுப்பு எழுந்தது. இயந்திரங்களும் பராமரிப்புக்கு நேரமின்றிப் பழுதாயின. 1931இல் அந்த முறையைக் கைவிட்டு, எல்லாருக்கும் பொதுவான ஓய்வு நாளுக்குத் திரும்பினார்கள். 1940இல் ஏழு நாள் வாரமும் திரும்பி வந்தது.

அவ்வளவு தொலைவு போக வேண்டாம் என்றால் பாட்டியின் தோட்டத்திற்கு வாருங்கள். குளுவாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். அவரும் இருட்டில்தான் எழுந்தார். பெரட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். காலைக் குளிர்ச்சியில் மரத்திற்குள் நீரழுத்தம் அதிகமாக இருக்கும். அப்போது வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏறிவிட்டால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே மொத்தத் தோட்டமும் ஒரே நேரத்தில் எழுந்தது, ஒரே நேரத்தில் பால் நிறுத்தது, ஒரே நேரத்தில் லயத்திற்குத் திரும்பியது. மாலையில் திடலில் பந்து விளையாட ஆள் இருந்தது. கோயிலில் பஜனை பாட ஆள் இருந்தது. வாசலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேச ஆள் இருந்தது.

தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. குறைந்த கூலி, ஒண்டிக் கிடந்த வீடு, கங்காணியின் ஏச்சு, பால் வெட்டிவிட்டு வந்த பிறகு பெண்களுக்காகவே காத்திருந்த அடுப்பு வேலை எல்லாவற்றையும் பாட்டியே சொல்லியிருக்கிறார். "உங்கப்பாவ படிக்க வச்சதே இந்த உளிய அவன் தொடக்கூடாதுன்னுதான்" என்பார். ஆனாலும் அப்பாவின் நாளைப் பார்த்துவிட்டு ஒருமுறை சொன்னார்: "நாங்களும் இருட்டுலதான் போனோம். ஆனா கூட்டமா போயி கூட்டமா வந்தோம். அவன் தனியா போயி தனியா வர்றான்." வேலையும் வாழ்க்கையும் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இதைவிடத் தெளிவான வாக்கியத்தைப் பார்த்ததில்லை.

இதற்கு நேர்மாறான சோதனையும் எங்கள் வீட்டில் நடந்தது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதற்கு முதல் நாள் இரவு, வேலையை விட்டுவிட முடியாத ஆயிரக்கணக்கானோருடன் அப்பாவும் ஒரு பையோடு காஸ்வேயைக் கடந்தார். இரண்டு வாரத்திற்கு என்றுதான் போனார். உட்லண்ட்ஸில் நான்கு பேரோடு ஓர் அறை. இடையில் வந்து போக வழிமுறைகள் அறிவிக்கப்பட்டாலும், தனிமைப்படுத்தல் நாள்களைக் கணக்கிட்டால் விடுப்பு அதிலேயே கரைந்துவிடும் என்று அவர் வரவில்லை. 2021 நவம்பர் 29இல் தரைவழிப் பயணத் தடம் திறந்த பிறகு, டிசம்பரில் பேருந்தில் வந்து லார்கினில் இறங்கினார்.

அந்த இருபத்தொரு மாதங்களில் அவருக்குப் பயணமே இல்லை. தொழிற்சாலைக்கு இருபது நிமிட நடை. எட்டு மணி நேரத் தூக்கம். மாலையில் பூங்காவில் நடை. பயிலரங்குகளில் சொல்லும் எல்லாம் அவருக்கு அப்போது கிடைத்தன. இழந்திருந்த நேரமெல்லாம் ஒரே நாளில் திரும்பி வந்ததுபோல்தான். ஆனால் புலனத்தில் அழைக்கும்போது ஒரு நாள், "நேரம் நெறைய இருக்கும்மா, அத வச்சு என்ன செய்யறதுன்னுதான் தெரியல" என்றார். அந்தக் காலத்தில்தான் அவருக்கு முதன்முதலாக இரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் நேரம் மட்டும் இருந்தால் போதும் என்ற எண்ணம் எனக்கு அன்றோடு போயிற்று.

2025 ஜனவரி 5, புதிய ஏற்பாட்டின்படி வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. நான்கு பேரும் வீட்டில் இருந்தோம். ஒன்பது மணிக்கு எழுந்தோம். மாமாக் கடைக்குப் போய் வந்தோம். பிற்பகலில் அப்பா கூடத்தில் படுத்தார்; தங்கை பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் யாரிடமும் முக்கியமான எதையும் பேசவில்லை. பேசியே ஆக வேண்டும் என்ற அவசரம் இல்லாமல் போனதுதான் அந்த நாளின் சிறப்பு.

நண்பர்களே, நம்மில் பலர் இன்னும் ஓராண்டு ஈராண்டில் வேலைக்குப் போகப் போகிறோம். ஜொகூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூர் வெள்ளியின் ஈர்ப்பைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வெள்ளிதான் எங்கள் வீட்டைக் கட்டியது. என்னைப் படிக்க வைத்தது. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. போகும் முன் சிலவற்றைக் கணக்கிடுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

முதலாவது, சம்பளத்தை வேலை நேரத்தால் வகுக்காமல், வாசலிலிருந்து வாசல் வரையிலான நேரத்தால் வகுத்துப் பாருங்கள். உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்திற்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட 55 மணி நேரத்திற்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு அதிகம் என்கிறது. அந்தக் கணக்கில் பயணம் சேரவில்லை. பயணத்தை நாம்தான் சேர்த்துப் பார்க்க வேண்டும். புக்கிட் சாகாரையும் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் நான்கு கிலோமீட்டர் ஆர்.டி.எஸ். இரயில் பாதை, ஏறக்குறைய ஐந்து நிமிடப் பயணம் என்று திட்டமிடப்பட்டது. பயணம் குறைவது நல்லதே. ஆனால் மிச்சமாகும் நேரத்தை மிகைநேர வேலைக்குக் கொடுத்துவிட்டால் நிலைமை பழையபடிதான்.

இரண்டாவது, எத்தனை நாள் விடுமுறை என்பதோடு எந்த நாள் விடுமுறை என்றும் கேளுங்கள். உங்களோடு வாழ்பவர்களின் நாள்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் உங்கள் நாள்களை எழுதுங்கள். இரண்டும் சந்திக்கும் கட்டங்களை எண்ணுங்கள். சுழல்முறை வேலை என்றால் இது மிக மிக அவசியம்.

மூன்றாவது, பொருந்தவில்லை என்றால் கேட்கத் தயங்காதீர்கள். மலேசியாவில் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம், வாரத்தின் உச்ச வேலை நேரத்தை 48இலிருந்து 45 மணியாகக் குறைத்தது. நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் வழியையும் தந்தது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலம் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரிலும் 2024 டிசம்பர் 1 முதல் இத்தகைய விண்ணப்பங்களுக்கு இரண்டு மாதத்திற்குள் பதில் தர வேண்டும் என்ற வழிகாட்டி நடப்பிலுள்ளது. கேட்டது கிடைக்கும் என்ற உறுதி இல்லைதான். கேட்டுப் பார்க்க வழி உண்டு.

நான்காவது நமக்கு மிக அருகில் இருப்பது. வளாகத்திலும் நாம் இதே தவற்றைச் செய்துகொண்டிருக்கிறோம். ஒருவருக்கு ஆய்வகம், ஒருவருக்குப் பகுதி நேர வேலை, ஒருவருக்கு இரவு பத்து மணிக்குக் கழகக் கூட்டம். ஒரே அறையில் தங்கும் இருவர் ஒரு வாரம் முழுக்கச் சேர்ந்து உண்ணாமல் இருப்பது இங்கே சாதாரணம். வாரத்தில் ஒரே ஒரு மாலையையாவது கூட்டமும் ஒத்திகையும் இல்லாத மாலையாக நம் கழகமே அறிவித்துவிட்டால் என்ன? செயலவை கூடும்போது இதை முன்மொழியப் போகிறேன். வழிமொழிய ஆள் வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பாரம் இறங்காத நேரங்கள் வரலாம். தேசிய சுகாதார ஆய்வு 2023, மலேசியாவில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருப்பதாகக் கண்டறிந்தது. 2019இல் பெரியவர்களிடையே அது 2.3 விழுக்காடாக இருந்தது. அந்நிலையில் அட்டவணையும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் போதாது. மருத்துவரையோ ஆலோசகரையோ நாட வேண்டும். சுகாதார அமைச்சு 2022இல் தொடங்கிய 15555 என்ற எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தேவைப்படலாம்.

அப்பா இன்னும் ஐந்து மணிக்குத்தான் புறப்படுகிறார். ஓய்வு பெற அவருக்குச் சில ஆண்டுகள் இருக்கின்றன. நான் வேலை தேடும்போது, சம்பளம் எவ்வளவு என்று அவர் முதலில் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன். "ஞாயித்துக்கிழமை லீவாம்மா?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்லக்கூடிய வேலையைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.